அணித்தலைவியை மறித்த படிக்கட்டு

உடுப்பிட்டிப் பக்கத்துப் பொடியன்கள் தண்ணீருக்குள் இறங்குவதில்லை, குதிப்பார்கள். தோட்டக் கிணறு, தொண்டைமானாற்றுப் பாலம், வல்வெட்டித்துறைக் கடல், விடுமுறைக்குப் போனால் கீரிமலைக் கேணி, எதுவென்றாலும் முதலில் தலை, பிறகுதான் கால். நானும் அப்படி வளர்ந்தவன். கிணற்றுக் கட்டில் நின்று ஒன்று, இரண்டு எண்ணி, மூன்று சொல்லுமுன் பாய்ந்துவிடுவோம். அடியில் சேறா கல்லா, தண்ணீர் இடுப்பளவா கழுத்தளவா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அம்மா ஏசியதெல்லாம் நனைந்த உடுப்புக்காகத்தான். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியின் தொண்டைமானாறும், 1971இல் அதே நீரிணையைப் போய்த் திரும்பி வந்த ஆழிக்குமரன் ஆனந்தனின் வல்வெட்டித்துறையும் எங்களுக்கு அயல். தண்ணீருக்குப் பயம் என்று சொல்ல இங்கே ஆம்பிளைப் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள்.

1998ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி, அதே நீரிணைக்குத் தெற்கே அல்ல, வடக்கே, புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு பெண் அப்படித்தான் பாய்ந்தார். கல்லூரிச் சுற்றுலா. தொடையளவு தண்ணீர். அலை பின்வாங்கியபோது காலடி மணல் இளகிச் சறுக்கியது. நீச்சல் தெரிந்தவர்கள் எவரும் செய்வதைத்தான் செய்தார்: விழுவதற்குப் பதிலாகப் பாய்ந்தார். முகம் தண்ணீருக்குள் போன கணத்தில் உடலெங்கும் மின்சாரம் ஓடியதுபோல் இருந்தது என்றும், எழும்பப் பார்த்தபோது கையும் காலும் சொற்கேட்கவில்லை என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீச்சல்காரி என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு குப்புறக் கிடந்தார். தோழிகள் முதலில் விளையாட்டென்று நினைத்திருக்கலாம். இழுத்து எடுத்தபோது கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை.

அவர் பெயர் ப்ரீத்தி சீனிவாசன். அப்போது வயது பதினெட்டு. அதற்கு முந்திய ஆண்டு, பத்தொன்பது வயதுக்குட்பட்ட தமிழ்நாடு பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்து தேசியக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர்.

1997 பெண்கள் கிரிக்கெட்டுக்கு ஒரு முக்கியமான ஆண்டு. உலகக் கிண்ணம் இந்தியாவில் நடந்தது. இலங்கைப் பெண்கள் அணி முதன்முதலாக உலகக் கிண்ணத்தில் ஆடியதும் அந்தத் தொடரில்தான். கல்கத்தா ஈடன் கார்டனில் இறுதி ஆட்டம். ஆனால் இந்தியப் பெண்கள் கிரிக்கெட்டை, ஆண்கள் கிரிக்கெட்டை நடத்தும் பணக்காரச் சபை இன்னும் தன் கூரைக்குள் சேர்க்கவில்லை, சேர்த்தது 2006இல். இன்று ஐ.பி.எல். பாணியில் பெண்களையும் ஏலம் எடுக்கும் காலத்தில் இருந்துகொண்டு, அன்று துடுப்பைத் தூக்கிய பிள்ளை எதற்காக ஆடியிருப்பாள் என்று ஊகிப்பது கடினம். காசுக்காக இல்லை என்பது மட்டும் நிச்சயம். ப்ரீத்தி சிறுமியாக இருக்கும்போதே மாநில அணிக்குள் நுழைந்தவர். மாநில அளவில் நீச்சலிலும் பதக்கம் பெற்றவர். படிப்பிலும் முன்வரிசை. இப்படி ஒரு பிள்ளை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்; தை, மாசி மாத மெய்வல்லுநர் போட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது கிண்ணங்களைத் தூக்கத் தம்பியையும் கூட்டிப் போகிற பிள்ளை.

வடமராட்சியில் அந்த நாட்களில் இந்தச் செய்தியை யார் கேட்டிருப்பார்கள்? இடம்பெயர்ந்துபோன சனம் திரும்பிவந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்த காலம். எங்களிடம் முள்ளந்தண்டு முறிந்தவர்கள் வேறு காரணங்களால் பெருகிக்கொண்டிருந்தார்கள். நான் ப்ரீத்தியைப் பற்றி அறிந்தது பல ஆண்டுகள் கழித்து, அவர் மேடையில் பேசிய ஒரு காணொளியில்.

அதைப் பார்த்துவிட்டு ஊரில் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்துக்கே உரிய ‘ஓவர் கேம்’ கரப்பந்தாட்டத்தில் நல்ல பெயர் எடுத்தவர். பிறகு சீவல் தொழில். ஒரு மழைநாளில் பனையில் கால் வழுக்கியது. இடுப்புக்குக் கீழே இல்லை. “கிரிக்கெட் கப்டன், இப்ப பெரிய ஆளா வந்திட்டா, மற்றவைக்கெல்லாம் உதவி செய்யிறா” என்று நான் உற்சாகமாகச் சொல்லி முடிக்க, அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

“தம்பி, அதெல்லாம் சரி. அந்தப் பிள்ளை கக்கூசுக்கு எப்பிடிப் போறவ? அதை ஆரும் எழுதினவையோ?”

யாரும் எழுதவில்லை. மனவுறுதி, தன்னம்பிக்கை, சாதனை என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் காணொளி அல்ல, இந்தக் கேள்விதான். ஆகவே முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருவருடைய அந்தரங்கமாக அல்ல, பொதுவாக.

கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றுக்குள்ளே சுண்டுவிரல் பருமனில் இறங்குகிறது முள்ளந்தண்டு வடம். மூளையின் சொல் கைகால்களுக்குப் போவதும், தொட்ட உணர்வு மேலே வருவதும் அதன் வழியாகத்தான். ஆழமில்லாத தண்ணீரில் தலை முன்னே போனால் பின்னால் வருகிற உடலின் பாரம் முழுவதும் கழுத்தின்மேல் வந்து இறங்கும். எலும்பு நொறுங்கலாம், விலகலாம். வடம் நசுங்கினால் அந்த இடத்துக்குக் கீழே தொடர்பு அறும். முறிந்த எலும்பு பொருந்தும். வடம் பொருந்துவதில்லை. எவ்வளவு உயரத்தில் அறுந்தது என்பதுதான் தலைவிதி. மார்புக்குக் கீழே என்றால் கை இருக்கும். சக்கர நாற்காலியைத் தானே தள்ளலாம், தேங்காய் திருவலாம், ஓட்டோகூட ஓட்டலாம். கழுத்தில் என்றால் கையும் போய்விடும். இன்னும் மேலே என்றால் மூச்சும் இயந்திரத்திடம்.

நடக்க முடியாது என்பதைத்தான் வெளியில் இருப்பவர்கள் காண்கிறோம். உள்ளே இருப்பவருக்கு அது கடைசிக் கவலை. சிறுநீர் நிரம்பியது தெரியாது. குழாய் வைத்து நேரத்துக்கு நேரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொற்று ஏறிச் சிறுநீரகம் கெடும். மலம் தானாகப் போகாது. ஒருவர் கையுறை போட்டு உதவ வேண்டும், அதுவும் ஒரு நேர ஒழுங்கில். ஒரே பக்கம் படுத்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகும். படுக்கைப் புண். வலி தெரியாததால் புண் எலும்பைத் தொட்ட பிறகுதான் மணம் காட்டிக் கொடுக்கும். அதனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு முறிவுக்குக் கீழே வியர்க்காது. பங்குனி வெயிலில் உடல் அடுப்பாகிவிடும். சிறுநீர்க் குழாய் மடங்கிக் கிடந்தால், உடுப்பு ஓரிடத்தில் இறுக்கினால், இரத்த அழுத்தம் திடீரென்று உச்சத்துக்குப் போகும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும். மூளையில் இரத்தம் கசிந்து சாவும் வரலாம். நிமிர்த்தி இருத்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். இது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் இல்லை.

இத்தனையையும் யாரோ ஒருவர் செய்ய வேண்டும். எங்கள் வீடுகளில் அந்த யாரோ ஒருவர் அநேகமாக அம்மா. சில இடங்களில் மனைவி. பள்ளிக்கூடம் விட்டு நின்ற மகள் சில இடங்களில். அம்மாவுக்கும் ஒருநாள் முதுகு வளையும்.

இனி நிகழ்ந்த இடத்தில் செய்ய வேண்டியது. கட்டுரையின் நடுவில் வந்தாலும் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவரை, மோதியவரை, தண்ணீரில் அடிபட்டவரை இரண்டு பேர் கையும் காலுமாகத் தூக்கி, மடக்கி ஓட்டோவுக்குள் திணிப்பதுதான் எங்கள் வழக்கம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். பாதி நசிந்த வடம் முழுவதும் நசிவது பல வேளைகளில் அந்த ஓட்டோவுக்குள்தான். தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில், பனங்குற்றியைப் புரட்டுவதுபோல் மூன்று நான்கு பேராகச் சேர்த்துப் புரட்ட வேண்டும். ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க வேண்டும். கீழே கதவோ பலகையோ. தண்ணீரில் என்றால் மூச்சுத்தான் முதல். முகத்தை மேலே திருப்பி, கழுத்தை மடக்காமல் மிதக்க விட்டபடி கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. மந்திகை ஆதார வைத்தியசாலை தூரமில்லை. பத்து நிமிடம் பொறுத்தால் பிள்ளை ஆயுளுக்கும் கையை வைத்திருக்கலாம்.

போன ஆவணியில் மருமக்கள் வந்து எங்கள் கிணற்றுக் கட்டில் ஏறினார்கள். கமுகஞ் சலாகையை விட்டு ஆழம் பார்த்தேன். நாலரை அடி.

ப்ரீத்தியின் கதைக்கு வருகிறேன். அந்த நாளுக்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் வெளியுலகத்தைப் பார்க்கவே மறுத்தார். நேற்றுவரை கூட்டமாகச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக இல்லாமற்போனார்கள். வெற்றிக் கிண்ணத்தோடு படம் எடுத்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் அழகாக ஒரு பத்தி எழுத முடியும்; எழுதப் போவதில்லை. அப்பா சீனிவாசனும் அம்மா விஜயலட்சுமியும் கூடவே இருந்தார்கள். குடும்பம் திருவண்ணாமலைக்கு மாறியது. அப்பா அவரைப் பிள்ளையாகவும் மாணவியாகவும் நடத்தினார், நோயாளியாக அல்ல என்றுதான் அவர் பேச்சுகளிலிருந்து நான் விளங்கிக்கொண்டேன். மெதுவாகப் புத்தகம், கணினி, எழுத்து என்று திரும்பினார். சினிமா பற்றி இணையத்துக்கு எழுதிச் சம்பாதித்தும் இருக்கிறார்.

படிக்க ஆசைப்பட்டார். உளவியல். தபால் வழிக் கல்வியில். விண்ணப்பித்த இடத்தில் கிடைத்த பதில்: செய்முறை வகுப்புக்கு வர வேண்டும், இங்கே மின்தூக்கியும் இல்லை, சாய்தளமும் இல்லை, ஆகவே சேர வேண்டாம்.

இந்த இடத்தில் நான் காணொளியை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். அலை அவருடைய கையைக் காலை எடுத்தது, சரி. அலைக்கு எதிராக வழக்குப் போட முடியாது. ஆனால் அவருடைய பட்டத்தை எடுத்தது அலை அல்ல. கொத்தனார் ஒருவர் சீமெந்தும் கல்லும் கொண்டு கட்டிய படிக்கட்டு. ஓர் அலுவலர் அந்தப் படிக்கட்டைக் கடவுள் படைத்ததுபோல நினைத்துக்கொண்டு ‘இயலாது’ என்று சொல்லியிருக்கிறார். அதே ப்ரீத்தி பிற்காலத்தில் உளவியலும் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். கழுத்து அப்போதும் அதே கழுத்துத்தான்.

2007இல் அப்பா மாரடைப்பில் போனார். அதன் பின் அம்மாவுக்கும் இருதயத்தில் அறுவைச் சிகிச்சை. இந்த இடத்தில்தான் உண்மையான கேள்வி வந்தது: அம்மாவுக்குப் பிறகு? கழுத்துக்குக் கீழே இயங்காத ஒரு பெண்ணை நீண்டகாலம் வைத்துப் பார்க்கும் இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று அம்மா தேடினார். முதியோருக்கு இருந்தது, அநாதைகளுக்கு இருந்தது, இவருக்கு இல்லை. தேடும்போதே இன்னொரு செய்தியும் கிடைத்தது: இடுப்புக்குக் கீழே செயலிழந்த இரண்டு பெண்களுக்குச் சொந்தக் குடும்பத்தாரே நஞ்சைக் குடிக்கச் சொன்னார்கள் என்று. ப்ரீத்தி இதை மேடைகளில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரல் உயர்த்துவதில்லை.

2013இல் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ என்ற அறக்கட்டளை பிறந்தது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு. மாதாந்த உதவித்தொகை, சக்கர நாற்காலி, மருத்துவப் பொருள், தொழில் தொடங்கக் கைமுதல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைபேசியில் ஒரு குரல். அடுத்த ஆண்டு, 2014இல், தமிழ்நாடு அரசு துணிவுக்கான கல்பனா சாவ்லா விருதை அவருக்குக் கொடுத்தது.

அவர் கிரிக்கெட்டுக்குத் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். நோயை வென்று மைதானம் திரும்பிய கதைகள்தான் நமக்குப் பழக்கம். யுவராஜ் சிங் 2011 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகன், மார்புக்குள் புற்றுநோய், அமெரிக்காவில் கீமோ, 2012 செப்டெம்பரில் மீண்டும் இந்திய உடுப்பு. அருமையான கதை, நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் கண் கலங்கினவன்தான். ஆனால் திரும்ப முடியாதவர்களுக்கு அந்தக் கதை உதவாது. கீமோவுக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. முள்ளந்தண்டுக்கு இல்லை. ப்ரீத்திக்கு மைதானமே மாறியது. அணிக்குத் தலைமை தாங்கத் தெரிந்த ஒருவருக்கு வேறோர் அணி கிடைத்தது, அவ்வளவுதான். யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும், யாருக்கு என்ன தேவை, எப்போது பேச வேண்டும் என்று பார்க்கும் வேலைதான் இரண்டும்.

இதே திருவண்ணாமலையிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் வேலூர். அங்கே ப்ரீத்தியின் விபத்துக்கு நாற்பது ஆண்டுக்கும் மேல் முன்னதாக ஒருவர் இதே பாதையில் போயிருக்கிறார். மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துப் பெண், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த இளம் மருத்துவர். 1954இல் ஒரு சிற்றுலாவின்போது வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, இடுப்புக்குக் கீழே போய்விட்டது. மகப்பேற்று மருத்துவராக நினைத்திருந்தவர். கால் இல்லாமல் பிரசவ அறையில் என்ன செய்வது? தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையில் உலகப் பெயர் பெற்ற போல் பிராண்ட் அங்கே இருந்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டு செய்யலாம் என்றார் அவர். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தொழுநோய் தின்ற கைகளைத் திருத்தத் தொடங்கினார். அதோடு நிற்கவில்லை. நியூயோர்க்குக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முள்ளந்தண்டு முறிந்து வந்தவர்களை, இதே முறிவுள்ள ஒரு மருத்துவர் சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். 1972இல் பத்மஸ்ரீ.

எங்களுக்கு இதில் ஓர் உறவும் உண்டு, யாரும் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர் முதலில் வந்து வைத்தியம் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். 1820. பிறகுதான் சென்னைக்குப் போனார். உடுப்பிட்டியில் 1852இல் பள்ளிக்கூடம் கட்டியதும் அவரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன்தான். மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தது அந்த நூற்றாண்டில். உடற்கூற்றைத் தமிழில் படித்த ஊர் இது. கழுத்து முறிந்தவரை எப்படித் தூக்குவது என்பதைத் தமிழில் ஒரு சுவரொட்டியாக இன்னும் நாங்கள் ஒட்டவில்லை.

விளையாட்டுக்கும் முள்ளந்தண்டுக்கும் உள்ள தொடர்பும் தற்செயலானதல்ல. முதலாம் உலகப் போரில் வடம் அறுந்த போர்வீரர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்தார்கள். மருத்துவர்களே கைவிட்ட சாதி அது. ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் பொறுப்பெடுத்து, இரவு பகல் பாராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டச் சொன்னார். உயிர் தங்கியது. உயிர் தங்கியவர்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29ஆம் திகதி இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, அவருடைய மருத்துவமனைப் புல்வெளியில் பதினாறு பேர் சக்கர நாற்காலியிலிருந்து அம்பு எய்தார்கள். 1960இல் ரோமில் அது பரா ஒலிம்பிக் ஆனது. நம் மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் தங்கத்துக்காகத் தாண்டிய கம்பம் அந்தப் புல்வெளியில் நட்டது.

இலங்கைக்கும் இப்படி ஒருவர் இருந்தார். அவரும் கிரிக்கெட்காரர் என்பது எனக்கு வியப்பு. கலாநிதி அஜித் பெரேரா. தொழிலால் இரசாயனவியலாளர், தகுதிபெற்ற கிரிக்கெட் நடுவர், கிரிக்கெட் பற்றி நூல்கள் எழுதியவர். 1992இல் காரில் போய்க்கொண்டிருக்கும்போது தெருவோர மரம் ஒன்று காரின்மேல் முறிந்து விழுந்தது. அதன் பிறகு சக்கர நாற்காலி. நடுவராக இருந்தவர் சட்டப் புத்தகத்தை மூடவில்லை. வேறு சட்டப் புத்தகத்தை எடுத்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இலேயே வந்திருந்தது, இலக்கம் 28. கட்டடங்கள் எல்லோரும் நுழையக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. எல்லாம் வர்த்தமானியில் சுகமாக இருந்தன. அவர் உயர் நீதிமன்றம் போனார். 2011 ஏப்ரலில், பொதுமக்கள் பயன்படுத்தும் புதிய கட்டடங்கள் இந்த ஒழுங்குவிதிகளுக்கு அமையத்தான் கட்டப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. நடுவரின் விரல் உயர்ந்தது என்று எழுத ஆசை. கட்டளைக்குப் பிறகும் நாட்டில் கட்டப்பட்ட கட்டடங்களைப் பார்த்தால் துடுப்பாட்டக்காரர் இன்னும் மைதானத்தை விட்டுப் போகவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் எண்ணிப் பார்த்தேன். வேலையற்ற வேலைதான். ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து நெல்லியடி வரைக்கும். ஒரு வங்கிக்கு ஐந்து படி. ஒரு மருந்துக் கடைக்கு மூன்று, அதுவும் வாய்க்காலுக்கு மேலே. பொடியள் நிரம்பி வழியும் ஒரு ரியூட்டறிக்குப் பதினெட்டு, கைபிடி இல்லை. ஓரிடத்தில் சாய்தளம் இருந்தது. அதில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. இன்னோர் இடத்தில் சாய்தளம் அவ்வளவு செங்குத்து, அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் நேரே தெருவுக்குள். கட்டியவர் அதைக் கட்ட வேண்டும் என்பதற்காகக் கட்டியிருக்கிறார், யாரும் ஏறுவார்கள் என்று நினைத்துக் கட்டவில்லை.

போர் முடிந்த வன்னியில் முள்ளந்தண்டு முறிந்தவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பை வைத்திருக்கிறார்கள். மாங்குளத்தில், ‘உயிரிழை’ என்ற பெயரில். பெயர் வைத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும். செல்லடி பட்டவர்கள், பனையால் விழுந்தவர்கள், வீதி விபத்தில் சிக்கியவர்கள் என்று அந்த இழையில் எல்லோரும் கோக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது மனவுறுதி அல்ல. படுக்கைப் புண்ணைக் கண்ணாடி பிடித்துப் பார்ப்பது, குழாயைச் சுத்தமாகப் போடுவது, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது. கரப்பந்தாட்டக்காரர் கேட்ட கேள்விக்கான பதில்கள்.

அவரிடம் திரும்பப் போனேன். ப்ரீத்திக்கு அம்மா இருக்கிறார், உதவியாளர்களும் இருக்கிறார்கள், எல்லாம் ஒரு நேர ஒழுங்கில் நடக்கும் என்று சொன்னேன். தலையாட்டினார். “அப்ப அவ வெளியில போறதுக்கு முதல் நாளே கணக்குப் போடுவா” என்றார். “நானும் அப்பிடித்தான். சாப்பாட்டைக் குறைப்பன்.” பிறகு, இந்த வருசம் பேரன் இருநூறு மீற்றர் ஓடுகிறான், பார்க்கப் போகவில்லை என்றார். ஏன் என்று கேட்கவில்லை; மைதானத்துப் பக்க வாசலில் இரண்டு படி இருப்பது எனக்குத் தெரியும். அவரைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் ஓடி வருவார்கள். அதுதான் அவருக்குப் பிடிக்காது. ஒரு காலத்தில் அவர் அடித்த பந்தைத் தடுக்க நாலு பேர் ஓடி வந்த ஊர் இது.

ஓடுகிற பேரனிடம் பேச்சுக் கொடுத்தேன். உயர்தரத்தில் உயிரியல் எடுக்கப் போகிறானாம். வைத்தியரா என்றேன். “இல்லை அங்கிள், பிசியோ” என்றான். வீட்டில் தாத்தாவுக்குத் தான்தான் கால் மடக்கி நீட்டிவிடுவதாகவும், கிளினிக்குக்கு வந்த அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ‘சரியாச் செய்யிறாய்’ என்று சொன்னதாகவும் சொன்னான். அதற்கு மேல் பேசவில்லை, பயிற்சிக்கு விசில் ஊதிவிட்டார்கள்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி இரண்டு என்றால் பன்னிரண்டு அடி. அகலம் நாலடி இருந்தால் தாராளம். மைதான வாசலில் அதற்கு நிலம் இருக்கிறது, அளந்து பார்த்தேன். சல்லியும் சீமெந்தும் தருவதாகக் கனடாவில் இருக்கும் ஒரு பழைய மாணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மெய்வல்லுநர் போட்டிக்கு இன்னும் பத்து மாதம். சனசமூக நிலையத்தில் கேட்டிருக்கிறேன். வாற மாசக் கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் மேல்மாடியில்.